அறியும் ஆவலைத் தேடி ஓர் அகராதிக்குள்: சிகாகோவின் இணையத் தமிழ் லெக்சிகன் பற்றி மொரிசியசிலிருந்து ஒரு மதிப்பீடு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர் 1939இல் ஒரு பிற்சேர்க்கையாகவும் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதியை, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தில் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வைத்திருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விளம்பரங்கள் குறுக்கிடுவதில்லை. மொரிசியசில் தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகக் கற்று, வீட்டில் கிரியோல் என்னும் இத்தீவின் பேச்சுமொழியும் வெளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசி வாழும் ஒருவருக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். ஓர் அகராதியைப் பொதுப்படப் புகழ்வதால் எவருக்கும் பயனில்லை. ஆகவே ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான சொல்லைத் தேடிச் செல்லும் வாசகரை இது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்த்தேன். பிரெஞ்சில் 'க்யூரியோசித்தே' என்று சொல்லப்படும் கருத்து அது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தூண்டும் மன எழுச்சிக்குத் தமிழில் என்ன சொல், அதை எங்கே எப்படி ஆள்வது என்பதே கேள்வி.

இந்தக் கருத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் முன்னோரின் தமிழில் அடுக்களைச் சொற்கள் சில இத்தீவின் கிரியோலுக்குள் புகுந்து உயிர்பிழைத்திருக்கின்றன. கறிவேப்பிலையைச் சந்தையில் 'கரிபுலே' என்று கேட்டு வாங்குகிறோம். முருங்கைக் கீரை 'ப்ரெட் முரும்' ஆகியிருக்கிறது. தமிழ் அறியாத அண்டை வீட்டாரும் இச்சொற்களை அறிவர். ஆனால் மனத்தின் அசைவுகளைச் சொல்லும் சொற்கள் அப்படித் தங்கவில்லை. ஆசை, ஏக்கம், தயக்கம், ஆர்வம் என்பவற்றை இங்கே எவரும் தெருவில் காதால் கேட்டுக் கற்பதில்லை. பாடநூலிலும் அகராதியிலும் கண்ணால் கண்டுதான் கற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஓர் அகராதி சற்றுக் குறைபட்டிருந்தால் அக்குறையை ஊர்ப்பேச்சு நிரப்பிவிடும். இங்கே அகராதி விட்ட இடம் வெற்றிடமாகவே நின்றுவிடும். எனவே நம் நாட்டு வாசகர் ஓர் அகராதியிடம் சற்று அதிகமாகவே எதிர்பார்க்க உரிமை உடையவர்.

தளத்தில் 'ஆர்வம்' என்று தேடுவோம். தமிழ் எழுத்திலும் தேடலாம், உரோமன் எழுத்திலும் தேடலாம். தமிழ் விசைப்பலகை இல்லாத கைப்பேசிகள் மலிந்த இந்நாட்டில் அது பெரிய உதவி. பதிவில் தலைச்சொல் தமிழிலும் உரோமன் ஒலிபெயர்ப்பிலும் வரும்; அடுத்து அச்சொல் எதிலிருந்து பிறந்தது என்னும் குறிப்பு, அதன்பின் எண்ணிட்ட பொருள்கள், ஒவ்வொரு பொருளும் முதலில் ஆங்கிலத்திலும் தொடர்ந்து தமிழிலும், பல இடங்களில் பழைய நூல்களிலிருந்து சான்று மேற்கோள்கள் என்று வரிசையாக அமையும். ஆர்வம் என்பதற்கு அன்பு, விருப்பம் என்னும் பொருள்கள் முன்னிற்கின்றன. அறிய வேண்டும் என்னும் தவிப்பைத் தேடி வந்த மாணவர் இங்கே சற்றுத் திகைத்துப்போவார். தவறான கதவைத் தட்டிவிட்டோமோ என்றுகூட நினைப்பார்.

அவர் தட்டியது சரியான கதவுதான். பதிவின் பிறப்புக் குறிப்பைப் பொறுமையுடன் படித்தால் அது விளங்கும். ஆர்வம் என்னும் சொல் 'ஆர்' என்னும் வினையோடு இணைக்கப்படுகிறது. ஆர்தல் என்றால் நிறைதல், உண்ணுதல், துய்த்தல். கண்ணாரக் காண்பது, காதாரக் கேட்பது, வயிறார உண்பது, மனமார வாழ்த்துவது என்னும் தொடர்களில் எல்லாம் நிற்பது இந்த 'ஆர்'தான். மொரிசியசில் இத்தொடர்களைத் தனித்தனி மரபுத்தொடர்களாக மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். அவற்றுக்கும் ஆர்வத்துக்கும் உள்ள உறவை ஓர் ஒற்றைக் குறியீட்டால் காட்டிவிடுவது இந்த அகராதியின் தனிச்சிறப்பு. பிரெஞ்சுச் சொல்லோ கவலை, அக்கறை என்று பொருள்படும் இலத்தீன் 'கூரா'விலிருந்து வந்தது. ஒரு மொழி அக்கறையிலிருந்தும் மற்றொரு மொழி நிறைவிலிருந்தும் புறப்பட்டு ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் ஆர்வம் என்னும் சொல்லை மறப்பதில்லை.

திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் 'அன்பீனும் ஆர்வ முடைமை' என்று வரும் இடத்தில், தொடர்புடையாரிடம் காட்டும் அன்பு பிறரிடத்தும் விருப்பத்தைப் பிறப்பிக்கும் என்று பரிமேலழகர் உரை செய்கிறார். அங்கே ஆர்வம் மனிதர்பால் செல்வது. இன்று நாம் 'வானியலில் ஆர்வம்', 'இசையில் ஆர்வம்' என்று எழுதும்போது அது பொருள்கள்பாலும் துறைகள்பாலும் செல்கிறது. இந்த நகர்ச்சியைத் தெளிவாகக் காட்டும் சொல் 'ஆர்வலர்'. அதே அதிகாரத்தின் முதற்குறளில் 'ஆர்வலர் புன்கணீர்' என்று வருகிறது. அன்புடையாரின் கண்ணீர் என்பது பொருள். இன்றைய நாளிதழ்களில் சமூக ஆர்வலர், சூழலியல் ஆர்வலர், தன்னார்வலர் என்று வருபவர் வேறொருவர்: ஒரு பணியில் தாமாக முன்வந்து ஈடுபடுபவர். 1930களில் நிறைவுற்ற ஒரு நூலில் இந்தப் பிற்காலப் பொருளைத் தேடுவது வீண். பழைய பொருளை மட்டும் கண்டு, சுற்றுச்சூழல் ஆர்வலர் என்றால் சுற்றுச்சூழலின் காதலர் என்று ஒரு மாணவர் எழுதினால் அவரைக் கடிந்துகொள்ள இயலாது. அகராதி அவருக்கு அவ்வளவே கொடுத்தது.

இங்கேதான் இந்தச் சேவையின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். லெக்சிகன் பொருளைத் தருகிறது. இன்றைய ஆட்சியைத் தருவதில்லை. ஆர்வமும் ஆவலும் ஒன்றா? இரண்டுக்கும் விருப்பம் என்றே பொருள் கண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பவர்கள் இங்கே உண்டு. தமிழர் எழுத்தில் அவை வேறுபட்டு நிற்கின்றன. ஆர்வம் நீடித்து நிற்பது. ஒரு துறையின் மேலோ செயலின் மேலோ பல காலம் தங்குவது. 'சிறு வயதிலிருந்தே அவருக்குக் கணிதத்தில் ஆர்வம்' என்கிறோம். ஆவல் ஒரு முடிவை நோக்கி உடனே பாய்வது. 'தேர்வு முடிவை அறிய ஆவலாக இருக்கிறேன்', 'உங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்' என்கிறோம். 'கணிதத்தில் ஆவல்' என்பதோ, எதிர்பார்ப்பைச் சொல்லும் இடத்தில் 'வருகையை ஆர்வத்துடன்' என்பதோ இலக்கணப் பிழை ஆகாது. ஆயினும் காதில் சிறிது இடறும். ஆர்வம் பெரும்பாலும் '-இல்' உருபை ஏற்கிறது; ஆவல் 'அறிய', 'காண', 'கேட்க' என்னும் செய எச்சத்தை முன்னே கொண்டு வருகிறது. இத்தகைய இடறலைத் தவிர்க்கக் கற்றுக்கொடுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் லெக்சிகனில் இல்லை. அதன் மேற்கோள்கள் செய்யுளடிகள். அவை சொல்லின் தொன்மைக்குச் சான்றாகுமே தவிர, நாளைக்கு எழுத வேண்டிய கடிதத்துக்கு முன்மாதிரி ஆகமாட்டா.

ஆவலுக்கு 'அவா'வோடு உள்ள உறவையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். அவாவை அறுக்க வேண்டும் என்று வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே வகுத்தார். விலக்க வேண்டிய அவாவின் உறவுச் சொல்லைத்தான் இன்று குழந்தைகளிடம் வளர்க்க வேண்டிய நற்பண்பின் பெயராக ஆள்கிறோம். 'அறிய' என்னும் ஒரு சொல் முன்னே வந்து நின்றால் போதும், பழைய குற்றம் புதிய குணமாகிவிடுகிறது.

அடுத்து, வேண்டாத ஆவல். அண்டை வீட்டில் யார் வந்தார், எவ்வளவு சம்பளம், ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை என்று கேட்கும் மனநிலையையும் பிரெஞ்சுச் சொல் அதே பெயரால் சுட்டும். தமிழ் அதைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. 'துருவித் துருவிக் கேட்கிறார்' என்றால் போதும். தேங்காயைத் துருவும் அதே வினை இங்கே பிறர் வாழ்வைச் சுரண்டி எடுப்பதற்கு வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் 'விடுப்பு' என்கிறார்கள். விடுப்புக் கேட்பதும் விடுப்புப் பார்ப்பதும் அங்கே அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டிலோ விடுப்பு என்றால் அலுவலகத்தில் எடுக்கும் விடுமுறை. அதே யாழ்ப்பாணத்தில் 'என்ன புதினம்?' என்று கேட்டால் புதுச் செய்தி என்ன என்று பொருள். தமிழ்நாட்டிலும் நம் பாடநூல்களிலும் புதினம் என்பது நெடுங்கதை. லெக்சிகன் யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக் குறியிட்டிருப்பதும், பேச்சு வழக்கையும் வட்டார வழக்கையும் தனித்தனியே சுட்டுவதும் இவ்வகையில் மதிக்கத்தக்க உழைப்பு. எந்தக் கரையின் தமிழையும் நாள்தோறும் கேட்டு வளராத நமக்கு, இது எந்த ஊர்ச் சொல் என்னும் எச்சரிக்கை மிகவும் தேவை.

இந்த அகராதியில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பதிவு 'வம்பு'. இன்று வம்பு என்றால் வீண் சச்சரவு, ஊர்க்கதை; 'வம்பளத்தல்' என்றால் பிறரைப் பற்றிப் பேசிக் காலம் போக்குதல். தொல்காப்பியம் உரியியலில் 'வம்பு நிலையின்மை' என்று அதற்குப் பொருள் கூறுகிறது. பருவம் தப்பிப் பெய்யும் மழை வம்ப மாரி. அகநானூற்றில் வரும் 'வம்ப மோரியர்' என்னும் தொடரைப் புதிதாக எழுந்த மோரியர், அதாவது மௌரியர், என்று கொள்வது வழக்கம். மணம், கச்சு என்னும் பொருள்களும் இதே சொல்லுக்கு உண்டு. நிலையில்லாததும் புதிதாய் வந்ததுமான ஒன்று நாளடைவில் வாய்க்கு வாய் பரவும் கதையாக மாறியது எப்படி என்று எண்ணிப் பார்க்க இப்பதிவு இடம் தருகிறது. புதுமையின் மேல் மனிதருக்குள்ள ஈர்ப்பு அறிவாகவும் வளரலாம், வம்பாகவும் வளரலாம் என்பதை வேறெந்த நூலையும்விட இந்தச் சொல்லின் வரலாறு எனக்குத் தெளிவாகக் காட்டியது. அச்சு அகராதியில் இதைக் காண ஒரு தொகுதியைத் தேடி எடுத்துப் புரட்ட வேண்டும். இணையத்தில் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்கு நொடியில் தாவலாம். ஒரு சொல்லைத் தேட வந்தவர் ஐந்தாறு சொற்களைக் கண்டு திரும்புவது இங்கே இயல்பாக நிகழ்கிறது.

'மருட்கை'யையும் தேடிப் பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளில், வியப்பைக் குறிப்பது அது. 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே' என்பது நூற்பா. புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது என்னும் நான்கின்முன் மனிதர் மருளுகின்றனர். அந்த மருட்சி 'மதிமை சாலா' நிலை, அதாவது அறிவு இன்னும் நிரம்பாத நிலை. பாம்பிளமூஸ் தாவரவியல் பூங்காவின் குளத்தில் மிதக்கும் பேரல்லி இலைகளின் முன் நகராமல் நின்றுவிடும் குழந்தையின் நிலை இதுவே. அது இன்னும் கேள்வி கேட்கத் தொடங்கவில்லை. ஆனால் கேள்வி பிறக்கப்போகிறது. ஆர்வத்துக்கும் ஆவலுக்கும் முந்திய இந்தப் படிக்குத் தமிழில் இவ்வளவு நுட்பமான ஒரு வரையறை இருப்பதை, ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேடல் பெட்டியில் இட்டு விடையைப் பெற்றுச் செல்பவர் ஒருநாளும் அறியமாட்டார்.

அந்தத் தேடல் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைச்சொற்களில் மட்டுமின்றி, பொருள் விளக்கங்கள் முழுவதிலும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு தேடும் வசதி உள்ளது. இதை ஆங்கிலம்-தமிழ் அகராதியாகப் பயன்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. கிடைக்கும் பட்டியலில் சங்ககாலச் சொல்லும், பழைய செய்யுள் அகராதிகளான நிகண்டுகளில் மட்டுமே காணப்படும் சொல்லும், இன்று வழங்கும் சொல்லும் ஒரே தரத்தில் அடுத்தடுத்து நிற்கும். எது உயிருள்ளது, எது வழக்கொழிந்தது என்று பிரித்தறியும் ஆற்றல் ஏற்கெனவே உடையவருக்கு அது புதையல். இல்லாதவருக்கு அது காடு. விளக்கங்களின் ஆங்கிலமும் ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தையது. பிரெஞ்சு விளக்கம் இல்லாதது நம்மில் பலருக்குக் குறையாகத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் மூசே, துப்புய் என்னும் இரு பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி அத்தேவைக்கு உண்டு, எனினும் அது இத்தளத்தில் சேரவில்லை.

மேற்கோள்களின் சுருக்கக் குறியீடுகள் மற்றொரு தடை. 'தொல். பொ.', 'சிலப்.', 'பிங்.' என்று பதிவில் வருவன தொல்காப்பியப் பொருளதிகாரம், சிலப்பதிகாரம், பிங்கல நிகண்டு என்று தமிழ்நாட்டில் பட்டம் படித்தவர் ஊகித்துவிடுவார். இங்கே பள்ளிக் கல்வியோடு நின்றவருக்கு அவை புள்ளி வைத்த புதிர்கள். குறியீட்டைத் தொட்டால் நூற்பெயர் விரியுமாறு அமைத்திருந்தால் பயன் பன்மடங்காகியிருக்கும். இவ்வளவு பெரிய பணியைச் செய்துமுடித்தவர்கள் இச்சிறு பணியையும் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

சொற்பிறப்புக் குறிப்புகளை அப்படியே ஏற்கவும் கூடாது. லெக்சிகன் பல தமிழ்ச் சொற்களை வடமொழி வழியாகக் காட்டியது பிழை என்று தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். 1974இல் தமிழ்நாடு அரசு அமைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே முதல் இயக்குநரானார். பாவாணரின் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். என்றாலும் இந்த விவாதம் ஒன்று உண்டு என்பதை அறிந்து படிப்பது நல்லது. சிகாகோ தளத்திலேயே பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருப்பதால், ஐயம் எழும் இடத்தில் உடனே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. தெலுங்கு பேசும் குடும்பங்களும் வாழும் இத்தீவில், இரு மொழிகளின் இனச்சொற்களை அருகருகே காண்பது தனி இன்பம்.

அதே தளத்தில் பிற தமிழ் அகராதிகளும் உள்ளன. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, யாழ்ப்பாணத்து மிஷனரிமார் தொடங்கிய பணியின் விளைவு என்பதால், அப்பகுதி வழக்குகளுக்கு அதையும் பார்க்கலாம். பெப்ரீசியசின் அகராதி 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சானபோது தமிழை 'மலபார்' மொழி என்றே ஐரோப்பியர் அழைத்தனர். போர்ட் லூயியில் நம் முன்னோர் குடியிருந்த பகுதியைப் பிரெஞ்சுக்காரர் 'மலபார்களின் முகாம்' என்றதும் அதே வழக்கத்தால்தான். மக்கால்பினின் சிறு சொற்றொகுதி தொடக்க நிலையினருக்கு உரியது.

இன்றைய ஆட்சிக்கு என்ன செய்வது? 1992இல் முதலில் வெளிவந்து 2020இல் மூன்றாம் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை லெக்சிகனுக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். அது எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தருகிறது. இலங்கை வழக்கைக் குறியிட்டுக் காட்டுகிறது. அச்சுப் படியை இந்தியாவிலிருந்து தருவிக்கும் செலவு ஒருவருக்குச் சுமையாகலாம்; ஒரு கோயில் பள்ளியோ மாலை வகுப்போ சேர்ந்து ஒரு படி வாங்கினால் பலருக்கும் பயன்படும்.

மேனிலை வகுப்பில் செய்யுள் படிப்போருக்கும், ஆசிரியர்களுக்கும், சொற்களின் வரலாற்றில் ஈடுபாடு உடையவர்களுக்கும் சிகாகோ தளத்தின் லெக்சிகனைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் அதைத் தனியே விட்டுவிட வேண்டாம். அவர்களுக்குப் பெயர்ச்சொல்லைவிட வினைத்தொடர்களே முதலில் தேவை: 'உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா?', 'அது ஏன் அப்படி ஆகிறது?', 'எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.' தமிழர் வீடுகளில் அறியும் ஆவல் பெரும்பாலும் இப்படித்தான் வாய்விட்டு வருகிறது. 'எனக்கு ஆர்வம் உண்டாகிறது' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. இத்தகைய வாக்கியங்களை ஆசிரியர்களே எழுதி வகுப்பில் வழங்க வேண்டியிருக்கிறது. அவற்றைத் தொகுத்து, கிரியோல் வாக்கியங்களோடு இணைத்து வெளியிடும் பணியை இந்நாட்டுத் தமிழாசிரியர்கள் கூடி மேற்கொண்டால், லெக்சிகன் விட்ட இடத்தை நாமே நிரப்ப முடியும்.